சேசிஸ் எண்ணைச் சுரண்டாதீர்கள்: மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக-கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பணியாற்றும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

ஆர்.சி. புதுப்பிக்க வந்த பழைய யெஸ்டி பைக் ஒன்று, 'சேசிஸ் எண் (வண்டிச் சட்டத்தில் குத்தப்பட்ட அடையாள எண்) தெளிவில்லை, திருத்தப்பட்டிருக்கலாம்' என்ற குறிப்போடு போன வாரம் எல்லையோர அலுவலகம் ஒன்றிலிருந்து திரும்பிவந்தது. அந்த எண்ணை யாரும் திருத்தவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பென்சில் பிரிண்ட் (எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுப்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அழிந்தது. தேய்க்கச் சொன்னது அலுவலகம். இன்று சந்தேகம் வண்டிக்காரர் மேல்.

என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் எண் ஸ்டீயரிங் தலைக்குழாயில் குத்தப்பட்டிருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, கேபிளை ஒதுக்கினால்தான் கண்ணில் படும். மேலே இரண்டு மூன்று அடுக்கு பெயிண்ட். அவசரத்துக்கு முரட்டு உப்புத்தாளை எடுத்துச் சுரண்டுகிறார்கள். பெயிண்டோடு இரும்பும் போகிறது. தேய்த்த இடம் மழைக்காலத்தில் துருப்பிடிக்கிறது, வண்டிக்காரர் அதன்மேல் மறுபடி பெயிண்ட் அடிக்கிறார், அடுத்த முறை மறுபடி சுரண்டல். இரண்டு மூன்று புதுப்பிப்பு தாண்டினால் 8 எது, 3 எது என்று தெரியாது. 1 போன இடமே தெரியாது.

எல்லையோரத்தில் இந்தக் கொடுமை இரட்டிப்பு. பாலக்காட்டில் பதிவான வண்டியைப் பொள்ளாச்சிக்காரர் வாங்கினால், தடையில்லாச் சான்றுக்காக 28-ஆம் படிவத்தில் அங்கே ஒரு பிரிண்ட். மறுபதிவுக்கு இங்கே இன்னொன்று. சில வாரங்களுக்குள் ஒரே எண் இரண்டு முறை தேய்படுகிறது.

எண்ணைக் காயப்படுத்தாமல் எடுக்க வழி இருக்கிறது. பெயிண்ட் ரிமூவரை அந்த இடத்தில் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பெயிண்ட் உப்பிவரும். பித்தளை பிரஷால் மெதுவாகத் தள்ளி, தின்னர் நனைத்த வேஸ்ட் துணியால் துடைத்துவிடலாம். சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம், பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து ஒரு பிரிண்ட். முடிந்ததும் பெயிண்ட் வேண்டாம், கிரீஸ் பூசினால் போதும், அடுத்த முறை துணியால் துடைத்தாலே எண் தெரியும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. இதைச் செய்யச் சொல்லுங்கள், உப்புத்தாளைத் தடைசெய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

எண்ணைத் தாண்டி வந்தாலும் சோதனை முடிவதில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, என்ஜின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரெஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு உதைக்க வேண்டிய வண்டி அது. தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அடிபட்ட கோபத்தில் 'வண்டி கண்டிஷன் இல்லை' என்று எழுதுவது நியாயமா? டூ ஸ்ட்ரோக் வண்டியைக் குளிர்ந்த நிலையிலேயே, சோக் போட்டபடி புகைச் சோதனை செய்தால் தேறாது. 2000 ஏப்ரலுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றி, டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைப் பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி என்ற அளவிலேயே கலந்து, சைலன்சரில் கரி எடுத்திருந்தால் நல்ல யெஸ்டி அதற்குள் நிற்கும்.

மத்திய அரசின் விதியில் பைக் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2025-இல் 20 ஆண்டு தாண்டிய பைக்குகளுக்கு 2,000 ஆனது. தாமதித்தால் மாதத்துக்கு 300. கட்டுகிறோம். கட்டுகிறவர்களின் வண்டியை இரும்புக் கடைச் சாமான்போல் நடத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2021-இல் வந்த, மிகப் பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவுக்குப் போகச் சொல்கிறீர்கள். அதற்கு 50 வயது ஆக வேண்டும், 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அன்றாடம் ஓட்டவும் கூடாது. 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு அந்த வயது 2035-இல்தான் வரும். ஓட்டாமல் மூடிவைக்க யாரும் இவற்றைக் காப்பாற்றி வைக்கவில்லை. ஆடி மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து, கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரை மூன்றாம் கியரில் இரட்டை சைலன்சர் சத்தத்தோடு போகிற சுகத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஆலை 1996-இல் நின்றுபோனது. இனி அந்தச் சேசிஸை அங்கே யாரும் குத்தித் தரப்போவதில்லை.

ஆகவே அன்போடு கேட்கிறோம். சேசிஸ் எண்மேல் உப்புத்தாளை வைக்காதீர்கள். ஒருமுறை தெளிவாக எடுத்த படத்தைக் கோப்பில் ஏற்றி, அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடையில்லாச் சான்றோடு அந்தப் படத்தையும் மறு மாநிலத்துக்கு அனுப்புங்கள். எண் மங்கியிருந்தால் என்ஜின் எண், பழைய ஆர்.சி. புத்தகம், கோப்பிலுள்ள முந்தைய பிரிண்ட் மூன்றையும் பார்த்த பிறகு முடிவு எழுதுங்கள். திருப்பி அனுப்பிய அந்த யெஸ்டியை இந்த முறைப்படி மறுபடி ஒருதரம் பாருங்கள்.

இப்படிக்கு,
எல்லையோரப் பழைய பைக் ஓட்டுநர்கள்