அம்புக்குறியும் 455உம்

ஆசிரியருக்கு,

1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த திருகோணமலையிலாவது பழைய கைத்துப்பாக்கிகளைப் பற்றிச் சரியாக எழுத வேண்டும். ரிவால்வரையும் பிஸ்டலையும் ஒன்றெனக் குழப்பக்கூடாது. தோட்டாக்கள் சுழல் உருளையில் இருந்தால் ரிவால்வர். மகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) இருந்து தானாக ஏறினால் பிஸ்டல்.

துப்பாக்கியின் உலோகத்தில் பொறிக்கப்பட்ட முத்திரைகளில்தான் பெரும் குழப்பம். பிரித்தானியத் தயாரிப்பான வெப்ளி ரிவால்வரிலுள்ள அகன்ற அம்புக்குறி அரச உடைமையைக் காட்டுவது, தயாரிப்பாளரின் சின்னமல்ல. இரு அம்புகள் முனையோடு முனை நோக்கினால், அது படையிலிருந்து விற்கப்பட்டது. இதைத் தவறவிட்டால் அப்பொருளின் பாதி வரலாறு போய்விடும்! அதிலுள்ள '455' என்ற எண் தொடரிலக்கமல்ல; அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றை அலகாகக் கொண்ட குழல் அளவு.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஆழமற்ற முத்திரைகள் அதில் அழிந்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

வாசகர்,
திருகோணமலை