ஞாயிறு ஓட்டத்தைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மதிப்புக்குரிய விளையாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளின் ஞாயிறு நெடுந்தூர ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வாரத்தில் மூன்று மாலை 400 மீட்டர் வேகச் சுற்றுகள் என்று நீங்கள் அனுப்பிய அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடம் கேடயம் கைநழுவியதில் இருந்து இது வரும் என்று எதிர்பார்த்ததுதான்.

கடந்த செவ்வாய் வேலியோரம் நின்றிருந்தேன். ஆறாவது சுற்று முடிந்ததும் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி புல்லில் குந்தி வாந்தி எடுத்தாள். பயிற்றுநர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடியே, "இன்னும் ரெண்டுதான், எழும்பு" என்றார். அவளும் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பி ஓடினாள். ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

இதை நாம் செய்வது எந்த ஊரில்? ஓட்டப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் பயிற்சி கொடுத்த நியூசிலாந்தின் ஒக்லாந்தில். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர் அவர். ஆய்வுகூடம் இல்லை, பட்டம் இல்லை. தன் உடம்பையே வருடக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்து, வாரம் 160 கிலோமீட்டர் அளவில் நிதானமாக ஓடிச் சேர்க்கிற தெம்புதான் வேகத்துக்கும் அத்திவாரம் என்று பிடித்துக்கொண்டார். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் வைட்டாக்கரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். இரண்டு சுற்றுப் பந்தயத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக்: ஸ்னெல்லுக்கு 800 மீட்டரில் தங்கம். கொஞ்ச நேரத்தில், ரக்பி விபத்தில் இடது கை முடங்கிப்போன மரி ஹால்பர்க்குக்கு 5000 மீட்டரில் தங்கம். பிற்காலத்தில் ஸ்னெல்லே அமெரிக்காவில் உடலியங்கியல் ஆய்வாளராகி, நீண்ட ஓட்டத்தில் மெதுவான தசைநார்கள் களைத்ததும் வேகமான நார்களும் வேலைக்கு இறங்குகின்றன என்று விளக்கினார். லிடியார்டுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

அவரும் வேகச் சுற்று ஓடவிட்டவர்தான். ஆனால் மாதக்கணக்கான நீண்ட ஓட்டமும் மலையேற்ற ஓட்டமும் முடிந்து, பந்தயம் நெருங்கும்போது மட்டும். நீங்கள் கூரையில் இருந்து வீடு கட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் 160 கிலோமீட்டர் ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு ஓட்டத்தைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாரடைப்பு வந்தவர்களைக்கூட, பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓடவைத்தார் லிடியார்ட். 1962இல் இங்கே வந்த அமெரிக்கப் பயிற்றுநர் பில் பௌவர்மன், அப்படி ஓடிய ஒரு முதியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறி, ஜாகிங்கைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். நமக்கோ பக்கத்தில் இருப்பது தெரியாது. பியானோ என்றால் கிரேட் பரீட்சை, நடனம் என்றால் அரங்கேற்றம், ஓட்டம் என்றால் கேடயம். ஆண்டு மலரில் கேடயத்தைப் பிடித்தபடி முன்வரிசையில் குழுவினர், பின்வரிசையில் முகம் தெரியாமல் பிள்ளைகள். படம் நன்றாகத்தான் வரும்.

சரி, கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. தயவுசெய்து ஞாயிறு ஓட்டத்தை மீண்டும் தொடங்குங்கள். வேகச் சுற்றுகளைப் போட்டிக்கு முந்திய சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளையை உட்கார விடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுப்பீர்கள் என்று நம்புகிறேன். கூட ஓட ஆள் இல்லை என்பதுதான் தடையென்றால், நானும் இன்னும் சில பெற்றோரும் வரத் தயார்.

நன்றியுடன்,
ஒரு தாய்