துலாம்பென் போகும் மகளுக்கு

அன்புக் கண்ணுக்கு,

டைவிங் சான்றிதழ் வாங்கிவிட்டாய், பாலிக்கும் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் முதன்முதலாகப் பார்க்க எது நல்லது என்று கேட்டிருந்தாய். பாலியின் கடற்கரை ஊரான துலாம்பென் போ. அங்கே லிபர்ட்டி என்ற கப்பல் மூழ்கிக் கிடக்கிறது.

அது 1918-ல் அமெரிக்காவில் கட்டிய சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று, ரயில்வே உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு லொம்போக் நீரிணைப் பக்கம் போனபோது ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் தாக்கியது. இரண்டு போர்க்கப்பல்கள் அதைக் கட்டி இழுத்து, சிங்கராஜா துறைமுகத்தில் சேர்க்கப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் வழியில் துலாம்பென் கரையிலேயே தரை தட்ட விட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கரையில்தான் கிடந்தது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் குலுங்கி, கப்பல் கடலுக்குள் சரிந்தது. 120 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் தூரத்தில் கிடப்பது இப்படித்தான். படகே வேண்டாம், நடந்தே இறங்கலாம்.

கரை முழுக்க உருண்டைக் கற்கள், அலை வேறு கால்களைத் தள்ளும். வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு, வெட்கப்படாதே. உள்ளூர்ப் பெண்கள் கனமான காற்றுச் சிலிண்டர்களைத் தலையில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குக் கை நிறையக் கொடு.

கப்பலின் மேல்பாகம் 5 மீட்டரிலேயே தட்டுப்படும். அடிப்பாகம் 30 மீட்டர் வரை போகும். உன் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. கூட வருபவர்கள் "இன்னும் கொஞ்சம் கீழே போகலாம்" என்று சைகை காட்டினால் தலையை ஆட்டி மறுத்துவிடு. அதனால் நீ எதையும் இழக்கப்போவதில்லை. வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் பவளம் நிறத்தோடு தெரியும். ஆழம் கூடக் கூடச் சிவப்பு முதலில் மங்கிப்போகும். அதோடு, ஆழம் குறைந்தால் காற்றும் நிதானமாகச் செலவாகும், நின்று பார்க்க நேரம் கிடைக்கும். விடியற்காலையில் போனால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக இருக்கும். ராத்திரி கப்பலுக்குள் தூங்கி, வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடும். அவற்றைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்திரு. நேரம் ஆக ஆக டைவ் செய்ய வருகிறவர்கள் கூட்டமும் சேர்ந்துவிடும்.

ஆழம் குறைவுதானே என்று மட்டும் எண்ணாதே. முதல் 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. காதும் நுரையீரலும் அதிகம் பாடுபடுவது அங்கேதான். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி, காதின் அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கு. மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு வா. பக்கத்தில் கப்பல் இருப்பதால் அந்த மூன்று நிமிஷமும் சலிக்காது.

கப்பல் பல இடங்களில் பிளந்து கிடப்பதால் உள்ளே நுழைய ஆசை வரும். வழிகாட்டி முன்னால் போக, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருந்தால் மட்டும் போ. துருப்பிடித்த இரும்பு கையைக் கிழித்துவிடும், விஷ முள் உள்ள சிங்கமீனும் தேள்மீனும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். எதையும் பிடிக்காமல் மிதக்கப் பழகிக்கொள். இத்தனை வருஷமாக வளர்ந்த பவளம், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

அப்புறம், டைவ் முடிந்த அன்றே கிந்தாமணி மலைக்குக் கிளம்பிவிடாதே. அது கடல்மட்டத்துக்கு மேலே 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. கடலில் உடம்பில் ஏறிய நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகிவிடலாம். விமானத்துக்கும் இதேதான்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். எனவே மலையை முதல் நாளிலேயே பார்த்துவிடு, கடைசி நாளைக் கரையில் கழி. டிக்கெட் போடுவதற்கு முன் தேதிகளை எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா