சமூகவியல் ‘சுலபமான’ படிப்பாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உயர்கல்வி இணைப்பிதழில், ‘மதிப்பெண் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம், சமூகவியல் போன்ற சுலபமான பட்டப்படிப்புகள் இருக்கின்றன’ என்று எழுதியிருந்தீர்கள். ஆறுதலுக்கு நன்றி. நான் நல்ல மதிப்பெண் வாங்கி, வேண்டுமென்றே அதில் சேர்ந்தவள்.

முதலாண்டிலேயே மார்க்ஸ், துர்கைம், வெபர் என்று சமூகவியலின் முன்னோடிகள் மூன்று பேரோடு மல்லுக்கட்டினோம். தற்கொலையைக்கூட மதவாரியாக, மணமானவர் ஆகாதவர் வாரியாகப் பிரித்து 1897இல் துர்கைம் போட்ட கணக்கு தாங்கள் அறியாததல்ல. புள்ளியியல் தாள் தனி.

அப்புறம் கள ஆய்வு. ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். ‘இல்லம்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்றார். மடியில் சட்டைக் குவியல். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பட்டனை எடுத்தார். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் ‘பட்டன் தைக்கிறார்’ என்று கிறுக்கி வைத்தேன். அதைப் பார்த்த பேராசிரியர், ‘தப்பு அவங்க பதில்ல இல்ல, உன் கேள்வியில’ என்றார். கேள்வியை மாற்றிக்கொண்டு எழுபது வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். சுலபம்தான்.

மூன்று வருஷமும் உறவினர்கள் ‘சமூக சேவையா படிக்கிறே?’ என்று கேட்டார்கள். சரி, அவர்களை விடுங்கள். நீங்களும் சமூகவியலையும் சமூகப் பணியையும் ஒரே கட்டத்தில்தான் போடுகிறீர்கள். சமூகம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வது ஒன்று. கஷ்டத்தில் இருப்பவருக்குக் கைகொடுக்கப் பயிற்சி பெறுவது மற்றொன்று. பொறியியலுக்கு நான்கு பக்கம், எங்களுக்கு இரண்டு வரி, அதிலும் பிழை.

போன வருஷம் உங்கள் இணையதளத்தில் வந்து வாக்களித்தவர்களை எண்ணி ‘மக்கள் தீர்ப்பு’ என்று முதல் பக்கத்தில் போட்டீர்களே, அது வேறு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லி மாட்டிக்கொண்டது பத்திரிகைக்காரரான உங்களுக்குத் தெரியாதா? எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது முக்கியம். எங்கள் ஆய்வுமுறைத் தாளின் ஆரம்பப் பாடம். அப்போதும் கடிதம் போட்டேன். இடமில்லை போலிருக்கிறது.

‘சுலபமான’ என்ற சொல்லை எடுப்பது தங்கள் விருப்பம். அடுத்த இணைப்பிதழ் அட்டவணையில் சமூகவியலுக்கும் சமூகப் பணிக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி