குட்டிக்கு முன்பணம் போடாதே

எல்வெரும், நார்வே
மார்ச் 9

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அம்மா, அப்பா, செல்வி, பிள்ளைகள் எல்லோர் நலமும் அறிய ஆசை. அம்மா அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. கடலை மிட்டாய் ஒன்றுகூட உடையவில்லை. கருப்பட்டிக்கு அடியில் நீ வைத்திருந்த கடிதத்தையும் குட்டியின் போட்டோவையும் பார்த்தேன். கன்னி இன நாய்க்குட்டி, பிறந்து ஒரு மாசம், ஐயாயிரம் முன்பணம் போட்டால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். பணத்தைப் போடாதே. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. சோறு வடிப்பதற்குள் சமையலறை ஜன்னல் முழுக்க வேர்த்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ஓலா தாத்தா வழக்கம்போல யாரிடமும் பேசுவதில்லை. எல்க் மான் கறியைப் பையில் போட்டு என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விடுகிறார். அந்தக் கறியில் கொழுப்பே கிடையாது. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா வறுத்தால் நன்றாக இருக்கிறது.

தாத்தா வாயைத் திறப்பது நாயைப் பற்றி மட்டும்தான். பேத்தி இங்ரிட் வேட்டைத் தேர்வில் தேறிவிட்டாள். அது தேறாமல் இங்கே யாரும் வேட்டைக்குப் போக முடியாது. அவளுக்கு முதல் நாய் எடுக்கப் போனபோது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

குட்டியைப் பார்க்கப் போகும் முன்பே இவர்கள் பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். நாய் என்ன வேலைக்கு என்பதுதான் முதல் கேள்வி. எல்க் வேட்டை இங்கே செப்டம்பர் 25இல் தொடங்கும். அதில் நாய்க்கு இரண்டு விதமான வேலை. அவிழ்த்துவிட்ட நாய் தானாகத் தேடிப்போய், மானை ஓடவிடாமல் ஓரிடத்தில் நிறுத்திக் குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்து வேட்டைக்காரர் நெருங்குவார். கயிற்று நாயோ ஆளோடு சேர்ந்து மோப்பத்தின் பின்னால் சத்தமில்லாமல் போக வேண்டும். இனம் ஒன்றுதான், சாம்பல் நிற எல்க்ஹுண்ட். ஆண் 52 சென்டிமீட்டர் உயரம், பெண் 49. ஆனால் ஒரு வம்சம் குரைத்து நிறுத்துவதில் கெட்டி, இன்னொன்று கயிற்றில் கெட்டி. இந்தப் பக்கக் காட்டில் ஓநாய் உண்டு, தனியாகத் திரியும் வேட்டை நாயைக் கொன்றுவிடும். அதனால் இங்ரிட் கயிற்று வம்சம்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

அடுத்தது தாய் தகப்பன். குட்டியைவிட இதற்குத்தான் அதிக நேரம் போனது. நார்வே கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் 1898இல் தொடங்கியது. அதன் பதிவேட்டைக் கணினியில் திறந்து நாயின் பேரை அடித்தால், வேட்டைச் சோதனையில் என்ன வாங்கியது, இடுப்பு எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். ஒரு வயது முடிந்த பிறகுதான் அந்த எக்ஸ்ரே எடுப்பார்கள். ஏ, பி என்றால் நல்ல இடுப்பு. சி லேசான கோளாறு. டி, இ மோசம். இந்த இனத்தில் கண் அழுத்த நோயும், கால் குட்டையாகப் போகும் நோயும் பரம்பரையாக வரும், இரண்டுக்கும் ஜீன் பரிசோதனை இருக்கிறது. நோயைச் சுமக்கும் நாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். ஒன்று சுமந்து மற்றது சுமக்காவிட்டால் எந்தக் குட்டிக்கும் வராது. அதனால்தான் நல்ல வளர்ப்பாளர் கேட்காமலேயே காகிதத்தை எடுத்து நீட்டுகிறார்.

நம் பக்கம் சுத்த வம்சம் என்று சொல்லிக் கூடப்பிறந்ததையே சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் உட்கலப்பு, அதாவது ரத்த உறவுக் கலப்பு, 25 சதவீதம். ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை முறை நாய்களைச் சேர்த்தாலே 6.25. அது ஏற ஏறக் குட்டி எண்ணிக்கை குறையும், நோஞ்சானாகப் பிறக்கும், மறைந்திருந்த நோய் வெளியே வரும். கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் எண்ணிக்கையே குறைவான இனங்கள். தாய் யார், தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று மூன்று தலைமுறை கேள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதே.

நாங்கள் குட்டி பார்க்கப் போன வளர்ப்பாளர் வீட்டம்மா குட்டிகளை உடனே காட்டவில்லை. இங்ரிட்டை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். வேலி இருக்கிறதா, பகலில் வீட்டில் யார், காட்டுக்கு எத்தனை நாள் போவாய், முடியாமல் போனால் நாயை என்ன செய்வாய்? கடைசிக் கேள்விக்குப் பதிலையும் அவரே சொன்னார்: எந்த வயதிலும் என்னிடமே திருப்பிக் கொண்டுவா. ஒப்பந்தத்திலும் அதை எழுதியிருந்தார். விற்கிறவர் உன்னை ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் எழுந்து வந்துவிடு.

குட்டிகள் சமையலறை மூலையில்தான் இருந்தன. பாதி இடத்தில் கம்பளி, பாதியில் பழைய பேப்பர். தாய் எங்கள் கையை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. பார்க்க வேண்டியது அதைத்தான். தாய் பயந்து ஒதுங்கினாலோ பல்லைக் காட்டினாலோ குட்டிகளும் பெரும்பாலும் அப்படியே வரும். அந்த அம்மா பாத்திர மூடி ஒன்றைத் தரையில் போட்டார். ஆறு குட்டிகளும் தரையோடு தரையாகப் பம்மின. கொஞ்ச நேரத்தில் நாலு எழுந்து போய் மூடியை மோந்து பார்த்தன. ஒன்று கம்பளிக்கடியில் போனது வரவே இல்லை. இன்னொன்று மூடியைக் கவ்வி இழுத்தது. இங்ரிட்டின் கண் அந்த முரட்டுக் குட்டி மேல்தான். தாத்தா வேண்டாம் என்றார். முதல் நாய்க்கு நடுவாந்தரமானதுதான் சரி, பயந்தாலும் சீக்கிரம் தேறி வருகிற குட்டி. எட்டு வாரக் குட்டியை வைத்து வேட்டைத் திறமையை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் தாய் தகப்பனைப் பார்ப்பது.

பிறகு ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிப் பார்த்தார்கள். நீயும் இப்படியே பார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தசோகை, பூச்சியோ உண்ணியோ காரணமாக இருக்கும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தால் குடற்புழு. தொப்புளில் மெத்தென்று புடைப்பு இருந்தால் குடலிறக்கம். மேல்வரிசைப் பல் கீழ்வரிசைக்குச் சற்று முன்னால் ஒட்டி விழ வேண்டும். ஆண் குட்டிக்கு விரை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். காதில் நாற்றம் கூடாது. முழு வெள்ளைக் குட்டியை ராஜபாளையம் என்று யாராவது காட்டினால், அது பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து கை தட்டு. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. ஆனால் ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் கைதட்டலில் தெரியாது.

வயசு ரொம்ப முக்கியம். இங்கே எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கொடுப்பதில்லை. நம் நாட்டிலும் 2017இல் வந்த நாய் வளர்ப்பு விதிகள் அதையேதான் சொல்கின்றன. தாயோடும் கூடப்பிறந்ததோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி பழகும். ஒரு மாசக் குட்டியைப் பிரித்தால் அந்தப் பழக்கம் வராமல் போய்விடும், பால் நின்ற கையோடு பஸ் பயணம் வேறு. பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். தடுப்பூசி ஒன்று போட்டால் போதும் என்று நினைக்காதே. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை போடச் சொல்கிறார்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாசம். ஊசி எல்லாம் முடியும்வரை தெருநாய் நடமாடும் மண்ணில் இறக்கிவிடாதே.

இன்னொன்று. கன்னி வந்த சந்தோஷத்தில் மூக்காண்டி மாமா மகனோடு முயலடிக்கப் போய்விடாதே. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வனத்துறை பிடித்தால் ஜாமீனுக்கு அலைய வேண்டும். கடலைக் காட்டுக் காவலுக்கு இருக்கட்டும், தினமும் காலையில் அவிழ்த்து ஓடவிட்டால் போதும்.

இங்ரிட் எடுத்த குட்டியைத் திரும்பும் வழியெல்லாம் நான்தான் மடியில் வைத்திருந்தேன். வாயில் பால் வாடை. நம் கிணற்றடியில் அப்பா சாக்கு விரித்து மணியின் குட்டிகளைப் படுக்க வைத்திருந்தது ஞாபகம் வந்து, கண்ணை அடக்க முடியவில்லை. கேட்டவளிடம் குளிர்காற்று என்று சொன்னேன். வாய்விட்டுத் தமிழ் பேசி எத்தனையோ நாளாகிறது முருகேசா. சரி விடு. இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. ராத்திரி டூட்டி கூடுதலாக எடுத்திருப்பதையும் சொல்ல வேண்டாம். நானாகக் கேட்டு வாங்கியதுதான்.

இந்த மாசப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை. வந்ததும் முதலில் அம்மாவின் கண் ஆபரேஷனை முடி. மோட்டார் கடனுக்கு வட்டி மட்டும் கட்டு, அசலை நான் ஆடிக்குள் பார்த்துக்கொள்கிறேன். பேச்சியம்மா சித்தி மகள் கல்யாணத்துக்கு அக்கா பேரில் ஐந்தாயிரம் மொய் எழுது. முன்பணத்துக்கு வைத்திருந்ததை அதற்கு எடுத்துக்கொள். மேலக்காட்டுப் பட்டா மாறுதலுக்கு அப்பாவைத் தனியாகத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பாதே, நீ கூடப் போ. கிழக்கு வரப்புத் தகராறை அளந்து முடிக்காமல் மாமாவிடம் எந்தக் காகிதத்திலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். சர்வேயர் என்றைக்கு வருகிறார் என்று எழுது.

அன்புடன்,
அக்கா