வழக்கறிஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மூத்த வழக்கறிஞர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பொங்கல் விழா நடந்தது. செயற்குழு முறையாகக் கூடியது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பார் ரூமில் கணினி, ஸ்கேனர், இன்வெர்ட்டரோடு, வழக்குகளை இணையத்தில் தாக்கல் செய்ய இ-ஃபைலிங் அறை அமைத்ததுதான். ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வாய்தா தேதி பார்க்க போன் போதும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் வந்துவிடும். வில்லங்கமும் பட்டாவும்கூட போனிலேயே பார்க்கலாம். ஆனால் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை போனில் படம் பிடித்து ஏற்றினால் சர்வே எண்ணே தெரிவதில்லை. அதற்காகப் பலரும் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்குத்தான் இன்னும் போகிறார்கள். கட்சிக்காரரின் பத்திரமும் ஆதாரும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது. நம் அறை பாதி நாள் ஆளில்லாமல் இருக்கிறது.

அப்புறம், மின்னணுச் சாட்சியம் பற்றிய பயிற்சி வகுப்பு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய 65பி இப்போது பிரிவு 63. அதற்குத் தர வேண்டிய சான்றிதழில் இரண்டு பகுதிகள். இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கருவியின் மாடல், போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். நமக்கு இது தூரத்து விஷயமல்ல. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் படகு மோதி வலை அறுந்தால் ஜி.பி.எஸ். பதிவு வருகிறது. மீன் வியாபாரி கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கீழக்கரைச் சொத்துத் தகராறில் வளைகுடாவிலிருந்து குரல் பதிவு வருகிறது. ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து வைத்தால் எதிர்த்தரப்பு சான்றிதழ் எங்கே என்று கேட்கும். அது கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூலக் கருவியையே தாக்கல் செய்து, அதன் உரிமையாளர் கூண்டேறிச் சொன்னால் சான்றிதழ் வேண்டாம்தான். கடலுக்குப் போகிறவர் போனைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டு எப்படித் தொழில் பார்ப்பார்?

இத்தனைக்காகவும் நடத்திய வகுப்புக்கு வந்தவர்கள் மிகச் சிலர். வராதவர்களில் பலர், விசாரணைக்கு முந்தின இரவு எனக்கு போன் செய்து மாதிரிப் படிவம் கேட்கிறார்கள். அனுப்பத்தான் செய்கிறேன். ஆனால் கருவி கையில் இல்லாமல் ஹாஷ் மதிப்பை அந்த ராத்திரியில் எடுக்க முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார். பெரிய கடன் இல்லை, கையிருப்பும் அதிகமில்லை. உப்புக்காற்றில் பிரிண்டர் துருப்பிடிக்கிறது. மராமத்துச் செலவு ஏறுகிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் நன்றாகத் தொழில் நடப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஒத்துழைத்த நீதிமன்ற ஊழியர்களுக்கும், குமாஸ்தாக்களுக்கும், அறையைக் கவனித்துக்கொண்ட இளம் வழக்கறிஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இன்னொரு ஸ்கேனரும், கட்சிக்காரர் ஆவணங்களைப் பாதுகாக்கத் தனி ஹார்டு டிஸ்க்கும் வேண்டும். செயலாளராக யார் வந்தாலும் இந்த அறையை மூடவிடக் கூடாது. பாக்கிச் சந்தா வந்தாலே இவை இரண்டையும் வாங்கிவிடலாம். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்