தட்டின் முன்னால் 19 நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்த நேரம், இது மூன்றாவது வாயா நான்காவதா என்று எண்ணிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல் சேர்ந்த பித்தப்பையை எடுத்து இன்றோடு 19 நாள். வயிற்றில் நான்கு சின்னத் தையல்கள், அவ்வளவுதான். ஆபரேஷனுக்காக உள்ளே அடைத்த வாயு இரண்டு நாள் தோள்பட்டையில் வலித்தது. வயிற்றில் கத்தி வைத்தால் தோள் வலிக்கும் என்று யார் கண்டது? அதெல்லாம் போய்விட்டது. சாப்பாடுதான் இன்னும் ஒத்துவரவில்லை.

பசியே இல்லையென்றாலும் பரவாயில்லை, நன்றாகப் பசிக்கிறது. ஆனால் நாலு வாய் உள்ளே போனதும் வயிறு உப்பிக்கொள்கிறது. மீறி இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் கழிவறைக்கு ஓட்டம். போன ஞாயிறு ஆசைப்பட்டு வெண்ணெயில் பொரித்த ஒரே ஒரு முட்டையைத் தின்றேன். மாலைவரை அதற்கு வட்டி கட்டினேன்.

டாக்டரிடம் கேட்டேன். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறதாம். பித்தப்பை அதைச் சுண்ட வைத்துச் சேமித்து, கொழுப்பு குடலுக்கு வந்ததும் பிழிந்து விடும். இப்போது அந்தப் பை இல்லை, சரியாக மூடாத குழாய் மாதிரி பித்தநீர் எந்நேரமும் சொட்டுகிறது. கொழுப்பு மொத்தமாக வந்து இறங்கினால் போதாமல் போகிறது. மற்ற நேரத்தில் சொட்டி மிஞ்சிய பித்தநீர் பெருங்குடலுக்குப் போனால் வயிற்றுப்போக்கு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடுமாம், சிலருக்கு மாதங்களாகலாம். நிற்காவிட்டால் மருந்து உண்டு. காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். அதனால் இப்போது ஆறு வேளை, கைப்பிடி கைப்பிடியாக. எண்ணெயை அடியோடு விடவில்லை, எல்லா வேளைக்குமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வயிற்றைவிட மனசுதான் அதிகம் முரண்டு பிடிக்கிறது. ஆபரேஷனுக்கு முன் ஒரு வருஷம், ராத்திரிச் சாப்பாடு என்றாலே விலாவுக்குக் கீழே வலி வரும் என்று பழகியிருந்தேன் அல்லவா? எடுத்த கற்களைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள், ஏழு கல், மிளகு அளவில். ஆட்டினால் கலகலவென்கிறது. இவ்வளவுதான் சமாசாரம் என்று தெரிந்த பிறகும், கரண்டி வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிடுகிறது. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் பார்க்கிறார்கள். "இன்னும் ரெண்டு வாய்" என்று அவர்கள் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

சரி, உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நடையை விட்டுவிட்டாயா? அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. எதிரில் உட்கார்ந்து உனக்கு வேண்டியதை வயிறாரச் சாப்பிடு, பேசிக்கொண்டே இரு. என் தட்டை மட்டும் பார்க்காதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி